உள்ளே இருப்பவளிடம் என்ன பேசுவது? பெண் கைதிகளின் மனநலம்: கேள்வி பதில்

பெண்கள் சிறைகளுக்கு மனநல ஆலோசகராகப் போய்வரத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலர் வழக்கு விவரத்தையும் எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துவிட்டேன், அதெல்லாம் வக்கீலிடம் மட்டும் பேசுங்கள்.

அக்கா, என் தங்கை உள்ளே போய் ஐந்து நாள் ஆகிறது. பார்க்கப் போனால் அழுதுகொண்டே இருக்கிறாள். நான் என்ன சொல்லித் தேற்றுவது?

தேற்ற வேண்டாம், தகவல் கொண்டுபோங்கள். கைதானவள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருப்பாள். பிள்ளை யாரிடம் இருக்கிறான், பள்ளிக்குப் போகிறானா, வீட்டைப் பூட்டினார்களா, அம்மாவுக்கு விஷயம் தெரியுமா? ராத்திரி முழுக்க இதுதான் ஓடும். "தைரியமாயிரு" என்பதைவிட "பையன் என் கூடத்தான் இருக்கான், நேத்து பள்ளிக்கூடம் போனான்" என்ற ஒரு வரி அவளைத் தூங்க வைக்கும்.

இன்னொன்று. முதல் சில நாட்களும் வாரங்களும்தான் ஆபத்தான காலம். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால், அவளிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே சிறை மருத்துவரிடமும் பொறுப்பில் இருக்கும் அதிகாரியிடமும் சொல்லுங்கள். ரகசியம் காக்க வேண்டிய இடம் இதுவல்ல.

ஆறு வயதுப் பேத்தியிடம் "அம்மா வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். சரிதானே?

புரிகிறது, ஆனால் சரியில்லை அம்மா. எப்படியும் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லிவிடும். அதுவரை உள்ளே இருப்பவளும் போனில் வெளிநாட்டில் இருப்பது போலவே நடித்தாக வேண்டும். ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "பிள்ளை அங்க மழை பெய்யுதான்னு கேக்கிறா மேடம். நான் எந்த ஊர்னு நினைச்சுச் சொல்றது?" வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். அம்மா ஒரு இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது, இப்போது வர முடியாது, உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. கடைசி வரியை மறக்காதீர்கள், குழந்தைகள் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

பிள்ளையிடமிருந்து கடிதமும் போகட்டும். படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி மாதாமாதம் பேரனின் காலைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்புவார். உள்ளே இருந்த அவன் அம்மா தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று எல்லோரிடமும் காட்டுவாள்.

நான் பெண் வார்டர். சிலர் எங்கள் கவனத்தைத் திருப்பவே கையைக் கீறிக்கொள்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். கண்டிக்காமல் விட முடியுமா?

உங்கள் பக்கமும் தெரியும். ஒரு ஆளுக்கு எத்தனை பேரைப் பார்ப்பது! ஆனால் கீறிக்கொள்வதை நடிப்பு என்று தள்ளிவிட வேண்டாம். சிறையில் இப்படித் தன்னையே காயப்படுத்திக்கொள்வது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். சிறுவயதிலோ கல்யாணத்துக்குப் பிறகோ அடியும் பாலியல் வன்முறையும் பட்டு வந்தவர்கள் உள்ளே நிறையப் பேர். காயத்துக்கு மருந்து போடுங்கள், திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள், மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

ஒருமுறை பார்க்க ஆள் வரும் நாளென்று ஒரு பெண் காலையிலேயே தலைவாரி உட்கார்ந்திருந்தாள். மாலை வரை யாரும் வரவில்லை. ராத்திரி, தண்ணீர் பிடிப்பதில் பக்கத்துப் பாய்க்காரியோடு அடிதடி. பதிவேட்டில் 'ஒழுங்கீனம்' என்று ஏறியது. ஆள் வராததை யாரும் எழுதவில்லை. பார்க்க வரும் நாளும் வாய்தா நாளும் முடிந்த இரவுகளில் ஒரு கண் கூடுதலாக வையுங்கள். பாதிச் சண்டையை அங்கேயே தடுக்கலாம்.

தனிமைச் சிறை நோயைக் கூட்டத்தான் செய்யும். தொடர்ந்து 15 நாளுக்கு மேல் ஒருவரைத் தனிமையில் வைக்கக் கூடாது என்று கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள் சொல்கின்றன. பெண் கைதிகளுக்கென்றே 2010-இல் வந்த பாங்காக் விதிகள், கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் அந்தத் தண்டனையே கூடாது என்கின்றன. குடும்பத்தை, முக்கியமாகப் பிள்ளைகளைப் பார்க்க விடாமல் செய்வதையும் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது. அப்புறம், உடம்பைச் சோதனை போடும்போது அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பழைய வன்முறை திரும்ப நடப்பது போல உடம்பு உதறுவது அதில்தான் அதிகம்.

குற்றம் செய்தவளுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை?

அடைத்து வைப்பதுதான் தண்டனை. வைத்தியம் மறுப்பது அதில் சேராது. உள்ளே இருப்பவர்களில் பலருக்கு வழக்கே இன்னும் முடியவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிடுகிறார்கள், அண்ணி மந்தமாகவே இருக்கிறார். நிறுத்தச் சொல்லலாமா?

திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரை போகும். என்ன மாத்திரை, எத்தனை நாளுக்கு, அடுத்து எப்போது பார்ப்பார்கள் என்று எழுதிக் கேளுங்கள். கைதாகும் முன் ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பழைய சீட்டைக் கொண்டுபோய்ச் சிறை மருத்துவரிடம் கொடுங்கள். ரத்தசோகை, தைராய்டு, மாதவிடாய் நிற்கும் காலம் எல்லாமே பார்வைக்கு மனச்சோர்வு போலவே இருக்கும். ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள்.

தன்னார்வலர்களாகச் சேர்ந்து தியான வகுப்பு எடுக்கலாம் என்றிருக்கிறோம். ஆலோசனை?

கண்ணை மூடச் சொல்லாதீர்கள். கண்ணை மூடினால் பயம் வருகிறவர்கள் இருப்பார்கள். சுவரில் முதுகு சாய்த்து, கதவு தெரியும்படி உட்கார விரும்பினால் விட்டுவிடுங்கள். என்ன நடந்தது என்று அவர்கள் கதையைத் தோண்டாதீர்கள். புதன் பத்து மணி என்றால் புதன் பத்து மணி. இரண்டு மாதம் வந்து, படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிற குழுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் தயவுசெய்து வரவே வேண்டாம்.

முடிந்தால் கைதிகளுக்கே காதுகொடுத்துக் கேட்கும் பயிற்சி கொடுங்கள். பிரிட்டனில், மனம் உடைந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு 1991-இல் ஸ்வான்சி சிறையில் அப்படித்தான் தொடங்கியது. பயிற்சி பெற்ற கைதி, மனம் உடைந்த கைதியிடம் உட்கார்ந்து கேட்பார். அவருக்கும் ஓய்வு வேண்டும், மறக்காதீர்கள்.

வெளியே வந்து மூன்று வாரம். வீட்டில் "அதான் வந்துட்டியே" என்கிறார்கள். எனக்குத் தூக்கமே இல்லை. கதவு மூடியிருந்தால் யாராவது திறக்கட்டும் என்று நின்றுவிடுகிறேன்.

உடம்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, அதுதான் விஷயம். சிறையில் ஆள் எண்ணிக்கை எடுக்கும் நேரத்துக்கு விழிப்பு வரும், கதவைப் பார்த்தால் கை எழாது. உங்களுக்குப் பைத்தியம் இல்லை. ராத்திரி உங்கள் அறைக் கதவைத் திறந்தே வையுங்கள். பகலில் ஒரே ஒரு கதவை நீங்களே திறந்து மூடிப் பழகுங்கள். பிள்ளை ஒட்டாமல் இருந்தால் இழுத்து வைக்காதீர்கள், அது தானாக வரட்டும்.

வெளியே வந்த முதல் வாரங்களும் உள்ளே போன முதல் வாரங்களைப் போலவே ஆபத்தானவை. அதனால் ஒரு கேள்வி: வரும்போது மாத்திரைச் சீட்டு வாங்கி வந்தீர்களா? இல்லையென்றால் நாளைக் காலையில் முதல் வேலையாக ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.