நாய் ஏன் குரைக்கவில்லை?

கேள்வி: வாசகர் வழியைத் தேர்ந்தெடுக்கும் கிளைக்கதைகளை எழுத உதவும் ட்வைன் மென்பொருளில், அதன் சுகர்க்யூப் என்ற ஃபார்மட்டில், ஒரு கதை எழுதுகிறேன். ‘கொல்லை’ என்ற பாசேஜுக்கு (கதையின் ஒரு பக்கம்) வாசகர் முதல் தடவை வரும்போது மட்டும் நாய் குரைக்க வேண்டும். அந்தப் பாசேஜுக்குள், வருகைகளை எண்ணும் விசிட்டட்டை வைத்து ‘விசிட்டட் பூஜ்ஜியமா?’ என்று இஃப் (நிபந்தனை) போட்டேன், குரைக்கவே இல்லை. கொல்லைக்குப் போய்வந்த பிறகு, ‘கிணற்றடி’ பாசேஜில் ‘கொல்லைக்குப் போனாரா?’ என்று பார்த்தாலும் பூஜ்ஜியமே வருகிறது. ஏன்?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. சுகர்க்யூபின் விசிட்டட், இப்போது திறந்திருக்கும் பாசேஜையும் சேர்த்தே எண்ணும். கொல்லைக்குள் கால் வைத்ததுமே எண் 1. அங்கே பூஜ்ஜியம் வரவே வராது. ட்வைனின் இன்னொரு ஃபார்மட்டான ஹார்லோவில், போய்வந்த பாசேஜ்களைக் காட்டும் ஹிஸ்டரி பட்டியலில் தற்போதைய பாசேஜ் இருக்காது. ஹார்லோவுக்கு எழுதிய மாதிரியைப் பார்த்துச் சுகர்க்யூபில் செய்தால் கணக்கில் ஒன்று இடிக்கும்.

நிபந்தனைகளைப் பெரிய எண்ணிலிருந்து இறக்கிக்கொண்டு வாருங்கள். முதலில் ‘3 அல்லது அதற்கு மேல்’: நாய் தூங்குகிறது. அடுத்த நிபந்தனையான எல்ஸ்இஃபில் ‘2’: தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தாதபோது வரும் கடைசி எல்ஸில் குரைப்பு. ‘2 அல்லது அதற்கு மேல்’ முதலில் நின்றால் மூன்றாவது வருகையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். நாய் தூங்கவே தூங்காது.

கிணற்றடிச் சிக்கலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ‘கொ’ என்ற எழுத்தை. யூனிகோடில் அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், நிரலுக்கு இரண்டும் வேறு பெயர். பெயர் பொருந்தாவிட்டால் பிழைச் செய்தி வராது, சத்தமில்லாமல் பூஜ்ஜியம் வரும். அதனால் பாசேஜ் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பதே நல்லது. லிங்க்கில் தெரியும் சொல் தமிழிலேயே இருக்கலாம். வாசகருக்கு வித்தியாசம் தெரியாது. தமிழ்ப் பெயர்தான் வேண்டுமென்றால் தலைப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள், மறுபடி அடிக்காதீர்கள். இடையில் பெயரை மாற்றியிருந்தாலும் இதே கதிதான்: ட்வைன் லிங்க்குகளைத் தானே திருத்தும், இஃபுக்குள் மேற்கோளில் இருக்கும் பெயரைத் தொடாது.

ஒரு பாசேஜை இன்னொன்றுக்குள் சேர்த்துக் காட்டும் இன்க்ளூட் கட்டளை மூலம் கொல்லையை வேறொரு பாசேஜுக்குள் காட்டியிருந்தால் அதுவும் வருகையாகச் சேராது.

நாய்க்கு எலும்பு போட்டாரா என்பதற்கு விசிட்டட் உதவாது. கொல்லைக்கு வந்தவர் எல்லாரும் எலும்பு போட்டவர் இல்லை. அதற்குத் தனி மாறி (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர், வேரியபிள்) வையுங்கள். கதை தொடங்கும் முன்பே ஸ்டோரிஇனிட் பாசேஜில் ‘ஃபால்ஸ்’ (இல்லை) கொடுத்து, எலும்பு போடும் லிங்க்கில் ‘ட்ரூ’ (ஆம்) ஆக்குங்கள். மாறியின் பெயருக்குத் தமிழ் எழுத்தை சுகர்க்யூப் ஏற்காது.