சுடுமண் கேள்விகள்: நோக் தலையின் கண்ணில் ஏன் துளை?

கொசப்பேட்டை வாசகி: எங்கள் பக்கம் கொலு பொம்மையை அச்சில் இரண்டு பாதியாக எடுத்து ஒட்டுகிறார்கள். நைஜீரியாவின் பழைய நோக் சிற்பங்களும் அப்படித்தானா? கண்ணில் ஏன் ஓட்டை விட்டார்கள்?

பதில்: அச்சு இல்லை, எல்லாம் கையால் எழுப்பியவை. மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, உட்பக்கம் விரலால் இழைத்துச் சேர்த்திருக்கிறார்கள். அய்யனார் கோயில் குதிரையின் வயிற்றை நம் வேளார்கள் எழுப்பும் முறைக்கு இது ரொம்ப நெருக்கம். முகத்தின் அழகைவிட உடைந்த துண்டின் உட்புறம்தான் கைவேலையை நன்றாகச் சொல்லும். பொடிக்கல் கலந்த சொரசொரப்பான மண், உள்ளே வெற்றிடம், எங்கும் ஏறக்குறைய ஒரே கனம். கனம் மாறினால் ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும், நடுவில் விரிசல் விழும்.

மண் பாதி காய்ந்து பதத்துக்கு வந்த பிறகு, மரம் செதுக்குவது போலக் கத்தியால் சீவியிருக்கிறார்கள். கொண்டை, சடைப் பின்னல், முக்கோணக் கண் எல்லாம் கூர்மையாக நிற்பது அதனால்தான். கண்மணியோடு மூக்கு, வாய், காது ஆகியவற்றிலும் துளை உண்டு. பார்வைக்கு உயிர் வருகிறது; சூளையில் உள்ளே தேங்கும் ஆவி வெளியேறவும் வழி கிடைக்கிறது. மூடிய பொம்மைக்குள் ஈரம் மாட்டினால் வெடித்துவிடும்.

1943இல் நைஜீரியாவின் ஜெமா அருகே ஒரு தகரச் சுரங்க எழுத்தர், சுரங்கத்தில் கிடைத்த தலை ஒன்றைச் சேனைபோன்ற யாம் கிழங்குத் தோட்டத்தில் சோளக்கொல்லைப் பொம்மையாக நட்டு வைத்திருந்தார். தொல்லியலாளர் பெர்னார்ட் ஃபாக் அதன் அருமையைக் கண்டுகொண்டார். ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகக் குழு பின்னர் தோண்டிய இடங்களில், சிற்பத்தோடு கிடந்த கரித்துண்டுகளைச் சோதித்து, பெரும்பாலான சிற்பங்கள் கி.மு. 900 முதல் 400 வரையிலானவை எனக் கணித்தது.

அண்ணா நகர் வாசகர்: இணையத்தில் ஒரு 'நோக் தலை' விற்பனைக்கு வந்திருக்கிறது. வெப்ப ஒளிர்வுச் சோதனைச் சான்றிதழும் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தச் சோதனையில் சிற்பத்தில் சிறிதளவு பொடியைத் துளைத்தெடுத்து, சுமார் 500 டிகிரி வரை சூடாக்கி, வெளிப்படும் மங்கிய ஒளியை அளப்பார்கள். அந்த மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று தெரியும். துளைத்த இடத்துக்கு மட்டுமே அது பொருந்தும்! உண்மையான பழைய ஓட்டுத் துண்டுகளை உடலில் பதித்து, மீதியைப் புதிதாகச் செய்து, மேலே மண் பூசி விற்கும் வேலை நெடுநாளாக நடக்கிறது. எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேனில் ஒட்டு தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

உண்மையானதாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. அனுமதி இல்லாமல் நைஜீரியாவிலிருந்து தொல்பொருளை வெளியே கொண்டுபோக முடியாது. சர்வதேச அருங்காட்சியகப் பேரவை 2000இல் வெளியிட்ட ஆப்பிரிக்கச் சிவப்புப் பட்டியலிலும், அதாவது கொள்ளைபோகும் ஆபத்துள்ள தொல்பொருள்களின் பட்டியலிலும், நோக் இருக்கிறது. பிரான்ஸ் அரசே, தான் வாங்கிய நோக் சிற்பங்களும் சொகோட்டோ (அதே நாட்டின் இன்னொரு பழைய சுடுமண் மரபு) சிற்பமும் நைஜீரியாவுக்குச் சொந்தம் என்று 2002இல் ஒப்புக்கொண்டு, கடனாகத்தான் வைத்துக்கொண்டது. திருட்டுத்தனமாகத் தோண்டியெடுத்த தலைக்குப் பக்கத்தில் இருந்த கரியும் ஓடும் குழியும் போயே போய்விட்டன. அதன் காலத்தைச் சொல்லக்கூடியவை அவைதான்.

வேளச்சேரி வாசகி: பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு அடி உயர நோக் பாணித் தலை செய்ய வேண்டும். கடற்கரை மணல் கலக்கலாமா?

பதில்: கடல் மணல் வேண்டவே வேண்டாம். உப்பு வெள்ளையாகப் பூக்கும். கிளிஞ்சல் துணுக்கு சூளையில் சுண்ணாம்பாகி, சில நாள் கழித்து ஈரத்தை உறிஞ்சி உப்பி, சிற்பத்தின் மேல் பொட்டுப் பொட்டாகப் பெயர்க்கும்.

6 கிலோ களிமண்ணுக்கு ஒன்றரைக் கிலோ சலித்த செங்கல் பொடி போதும். மண் சுருங்கும் என்பதால் 13 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக எழுப்புங்கள். கட்டைவிரல் தடிமனில் உருட்டி, சுவரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றரைக்குள் வையுங்கள். நான்கு வரிசை ஏறியதும் நிறுத்தி, கீழ்ப்பகுதி இறுகிய பிறகே மேலே போங்கள். அவசரப்பட்டால் கழுத்து உட்கார்ந்துவிடும். செதுக்குவது பதம் வந்த பிறகு. கண்மணியைப் பென்சிலால் உள்வெற்றிடம் வரை குத்துங்கள்.

நிழலில் இரண்டு வாரம் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்தால் மேல்தோல் முந்திக்கொண்டு சுருங்கும்.

சுடுவதற்குக் குயவர் சூளையிலேயே இடம் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரம் தணல் சூடு மட்டும். ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டை இடுக்கியால் கண் துளைக்கு மேல் பிடித்துப் பாருங்கள். தட்டில் ஆவி படிந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, விறகைக் கூட்டாதீர்கள்.