அமெரிக்கன் ஃபுட்பாலின் ஆரம்பகால வீரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் ஜிம் தோர்ப் என்றுதான் சொல்வார்கள். அவரைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். என் ஓட்டு ஃப்ரிட்ஸ் போலார்டுக்கு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது மெஸ்ஸி ஆடும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவனை எதிரணி பிடித்துத் தரையில் சாய்க்கும். அமெரிக்க கிளையன்ட்டுக்காக நைட் ஷிப்ட் பார்த்த வருஷங்களில் எனக்கு இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. அங்கே ஞாயிறு சாயங்காலம் நடக்கும் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல், இங்கே திங்கள் விடியற்காலை.

போலார்ட் 1894-இல் சிகாகோவின் ரோஜர்ஸ் பார்க்கில் பிறந்தவர். அப்பா முடிதிருத்துபவர், அம்மா தையல் வேலை செய்தவர். சுற்றிலும் வெள்ளையர்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு கறுப்பினக் குடும்பம். ஆள் ஐந்தடி ஒன்பது அங்குலம், 75 கிலோதான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தில் தப்பிக்க அவருடைய அண்ணன்மார் சொல்லிக்கொடுத்தது ஓடுவதை மட்டும் அல்ல, விழுவதையும்.

கீழே சாய்ந்ததும் சட்டென்று மல்லாக்கப் புரண்டு, இரண்டு கால்களையும் மேலே தூக்கி சைக்கிள் மிதிப்பதுபோல் சுழற்றுவார். ஷூவுக்கு அடியில் குமிழ் குமிழாக இருக்கும். ஆட்டம் நின்ற பிறகும் “தெரியாமல்” மேலே வந்து விழலாம் என்று பாய்கிறவன், அந்தக் கால்களைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுவான். திருப்பி அடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். காலைத் தூக்கிக்கொண்டு கிடப்பவனை என்ன சொல்ல முடியும்? எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இந்தக் குசும்புக்காகத்தான்.

பிரவுன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சக மாணவர்களின் உடைகளுக்கு இஸ்திரி போட்டுச் சம்பாதித்தார். 1916 சீசனில் யேல் பல்கலைக்கழகத்தை 21-6, அடுத்த வாரமே ஹார்வர்டை 21-0 என்று பிரவுன் அணி சாய்த்தது. இரண்டிலும் நாயகன் இவர்தான்.

அதன்பின் ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகர அணிக்கு ஆடப் போனார். டயர் கம்பெனிகளின் ஊர். தெற்கிலிருந்து வேலைக்கு வந்த வெள்ளையர்கள் நிறைய; வரும்போது நிறவெறியையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சொந்த ஊர் ரசிகர்களே போலார்டை வசைக் கூச்சலிட்டுத்தான் வரவேற்றார்கள். அணி உரிமையாளரின் சுருட்டுத் தொழிற்சாலையில் உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு கார் அனுப்புவார்கள். யோசித்துப் பாருங்கள், அணியின் நட்சத்திரம் சுருட்டு வாசனைக்கு நடுவே தனியாகக் காத்திருக்கிறார்!

1920-இல் தான் இன்றைய என்.எஃப்.எல்., அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலின் முதன்மையான தொழில்முறை லீக், வேறு பெயரில் பிறந்தது. போலார்டின் அணியான அக்ரன் ப்ரோஸ்தான் முதல் சாம்பியன். 8 வெற்றி, 3 டிரா, தோல்வியே இல்லை. சீசன் முழுக்க அவர்கள் எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது மொத்தமே 7 புள்ளி. அடுத்த வருஷம் போலார்ட் ஆடிக்கொண்டே அணிக்குப் பயிற்சியாளரும் ஆனார். அந்த லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவர்தான். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாடகர் பால் ராப்சன், அப்போது சட்ட மாணவர், அதே அணியில் ஆடினார்.

1926-ஓடு லீக்கில் அவர் ஆட்டம் முடிந்தது. 1934 முதல் பன்னிரண்டு சீசன் அந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது. எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. எல்லாம் பேசாமலே நடந்த ஏற்பாடு. சிகாகோ பேர்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸுக்கு இதில் பங்கு உண்டு என்று போலார்ட் கடைசிவரை சொன்னார், ஹாலஸ் மறுத்தார். போலார்ட் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கின் ஹார்லெமில் பிரவுன் பாம்பர்ஸ் என்ற கறுப்பின அணியை நடத்தினார், பத்திரிகை நடத்தினார், வரி ஆலோசகராக இருந்தார். அவர் மகன் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார்.

போலார்டுக்குப் பிறகு இந்த லீக்கில் இன்னொரு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் வந்தது 1989-இல், ஆர்ட் ஷெல். போலார்ட் 1986-லேயே, 92 வயதில் போய்விட்டார்.

ஃபுட்பால் ஜாம்பவான்களுக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ 1963-இல் ஒஹையோவின் கேன்டனில் திறக்கப்பட்டது. முதல் பட்டியலிலேயே ஹாலஸ் பெயர் இருந்தது. அக்ரனிலிருந்து கேன்டனுக்குக் காரில் அரை மணி நேரம்தான். போலார்டின் சிலை அங்கே போய்ச் சேர 2005 ஆகிவிட்டது.