மங்களூர் 2010: ஓடுபாதையின் மேல் மட்டும் பழி போடலாமா?

கேள்வி: மலை உச்சியில் ஓடுபாதை இருந்ததால்தானே மங்களூர் விமான விபத்தில் அத்தனை பேர் இறந்தார்கள்?

உயிரிழப்பு அவ்வளவு கூடியதற்கு அதுவும் காரணம்தான். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த போயிங் 737-800 ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. இருந்த 166 பேரில் 8 பேர்தான் பிழைத்தார்கள். ஆனால் ஓடுபாதையின் நீளம் 8,033 அடி, இந்த விமானத்துக்கு அது தாராளம். சக்கரம் தரையைத் தொட்டதே ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து சுமார் 5,200 அடி தாண்டித்தான். கோளாறு அதற்கும் முன்பே, வானத்திலேயே தொடங்கிவிட்டது.

கேள்வி: கேப்டன் தூங்கினார் என்பது நிஜமா?

நிஜம். காக்பிட் ஒலிப்பதிவில் குறட்டைச் சத்தமே இருக்கிறது. சுமார் 1 மணி 40 நிமிடம் தூங்கியிருக்கிறார். விழித்ததும் மூளை உடனே முழு வேகத்துக்கு வராது, அந்த மந்தம் சற்று நேரம் நீடிக்கும். அன்று மங்களூர் ரேடாரும் வேலை செய்யவில்லை. அதனால் கீழே இறங்க அனுமதி வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் கிடைத்தது. அதற்கேற்ப இறக்கத்தைத் திட்டமிடாததால், ஓடுபாதையை நெருங்கும்போது விமானம் இருக்கவேண்டிய உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் இருந்தது.

கேள்வி: அப்படி இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

கோ-அரவுண்ட். இறங்குவதை விட்டுவிட்டு மேலே ஏறி, ஒரு சுற்று வந்து மறுபடி முயல வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: துணை விமானி ஒன்றும் சொல்லவில்லையா?

சொன்னார். மூன்று முறை கோ-அரவுண்ட் என்றார். தரை நெருக்க எச்சரிக்கைக் கருவியும் கத்திக்கொண்டே இருந்தது. கேப்டன் கேட்கவில்லை. என்னை அதிகம் உறுத்துவது இதற்கு அடுத்த விஷயம்: துணை விமானி தானே கட்டுப்பாட்டை எடுத்து மேலேற்றலாமா என்பதில் அப்போது விதிமுறைகள் தெளிவாக இல்லை. ஏர் மார்ஷல் பி. என். கோகலே தலைமையிலான விசாரணை, விபத்துக்குத் துணைபோன காரணங்களில் ஒன்றாக இதையும் குறித்தது.

கேள்வி: தரையைத் தொட்ட பிறகாவது தப்பியிருக்க முடியுமா?

முடிந்திருக்கும் என்கிறது அறிக்கை. ரிவர்ஸ் த்ரஸ்டோடு (ரிவர்சர் மூலம் இன்ஜின் விசையை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைப்பது) பிரேக்கை முழு பலத்தில் அழுத்தியிருந்தால் ஓடுபாதைக்குள்ளேயே நின்றிருக்கும். கேப்டனோ ரிவர்சரைப் போட்ட பிறகு மனதை மாற்றி, மேலே ஏறப் பார்த்தார். அதை ஒருபோதும் செய்யக்கூடாது. ரிவர்சரைப் போட்டுவிட்டால் நிறுத்தியே தீரவேண்டும். அப்புறம் இறக்கை ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவின் கான்கிரீட் மேடையில் மோதியது.

கேள்வி: 2020-ல் கோழிக்கோடு விமான விபத்திலும் இதே கதைதானா சார்?

மழை, பின்காற்று என்று சூழல் வேறு. ஆகஸ்ட் 7 இரவு, 8,858 அடி ஓடுபாதையில் சுமார் 4,438 அடி தாண்டி இறங்கினார்கள். விமானிகள் இருவரும் உட்பட 21 பேர் இறந்தனர். அங்கேயும் துணை விமானி கோ-அரவுண்ட் என்று சொல்லியிருக்கிறார். கேப்டன் கேட்காதபோது அவர் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை என்பதையும் அந்த அறிக்கை காரணமாகவே எழுதியிருக்கிறது.