ரெண்டாவது மானிட்டர் மாட்டினதிலிருந்து கேம் திக்குது, கார்டு மாத்தணுங்களா?

கேள்வி: வணக்கமுங்கண்ணா. எனக்குத் திருப்பூர், 15 வேலம்பாளையம் பக்கம். வீட்டில் கேம் பிசி இருக்கிறது. ஐ5 12400 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3050 எட்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டர். ஒன்றரை வருசமாக வேலரன்ட் கேம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன மாதம் அப்பாவின் பனியன் கம்பெனி ஆபீஸில் சும்மா கிடந்த பழைய மானிட்டரைத் தூக்கிவந்து ரெண்டாவதாக மாட்டினேன், அதில் கிரிக்கெட் மேட்ச் ஓட, இதில் விளையாடலாம் என்று. அன்றிலிருந்து கேம் ஜெர்க் அடிக்கிறது. மூலையில் எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை படம்) 200 என்றுதான் காட்டுகிறது, ஆனால் திரும்பும்போது படம் திக்குகிறது. கடையில் கேட்டால், "ரெண்டு மானிட்டரை இந்தக் கார்டு தாங்காது, பெருசா போட்டுக்கங்க, பழசை நானே எடுத்துக்கறேன்" என்கிறார்கள். மேலே 25 ஆயிரம் கட்டணுமாம். அப்பாவிடம் கேட்கவே பயமாக இருக்கிறது. மாற்றிவிடலாமுங்களா?

பதில்: வேண்டாம் தம்பி, இப்போதைக்கு அப்பாவிடம் வாயே திறக்காதீர்கள். ஒரு மானிட்டரில் நன்றாக ஓடிய கார்டு, பக்கத்தில் இன்னொரு மானிட்டர் வந்ததும் கிழடாகிவிடாது. ரெண்டாவது திரையில் டெஸ்க்டாப்பைக் காட்டுவதெல்லாம் 3050-க்கு ஒரு வேலையே இல்லை. கோளாறு மாட்டிய விதத்திலோ, அதில் ஓடும் மேட்சிலோதான் இருக்கும் என்பது என் கணிப்பு.

முதலில் அந்த 200-ஐ நம்பாதீர்கள். அது ஒரு வினாடிக்கான சராசரி. ஒரு வினாடி என்பது 1000 மில்லி செகண்டு, அதில் 199 படங்கள் 900 மில்லி செகண்டுக்குள் வந்துவிட்டு, கடைசி ஒரு படம் மட்டும் 100 மில்லி செகண்டு மாட்டிக்கொண்டு நின்றாலும் மூலையில் 200 என்றுதான் காட்டும், ஆனால் அந்த நூறு உங்கள் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், அதைத்தான் ஜெர்க் என்கிறீர்கள். இன்னொன்று, இது நெட் லேக் கிடையாது. சுட்ட குண்டு தாமதமாகப் பட்டால் அது நெட். படமே திக்கினால் அது உங்கள் மேசையிலேயே இருக்கும் பிரச்சினை.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பழைய மானிட்டரின் கேபிளைப் பிசியின் பின்னாலிருந்து பிடுங்கிவிட்டு, செட்டிங்ஸ் எதையும் தொடாமல் அதே மேப்பில் கால்மணி நேரம் விளையாடிப் பாருங்கள். திக்கல் நின்றதா? அப்போது கார்டு நிரபராதி. நிற்கவில்லையா? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஜிபியு, அதாவது கார்டு, எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒற்றை மானிட்டரிலேயே திக்கிக்கொண்டு 97, 98 என்று முட்டிக்கொண்டு நின்றால் கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். 60 சதவீதத்தில் சும்மா இருந்துகொண்டே திக்குகிறது என்றால் புதுக் கார்டு வாங்கினாலும் அது 40 சதவீதத்தில் சும்மா இருந்துகொண்டு திக்கும், அவ்வளவுதான்.

கேபிளைப் பிடுங்கப் போகும்போதே அது எங்கே மாட்டியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆபீஸில் கிடந்த மானிட்டர் என்கிறீர்கள், அப்படியானால் நீல நிறத் தலை, 15 ஊசி, ரெண்டு பக்கமும் திருகாணி வைத்த விஜிஏ கேபிளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 3050-ல் விஜிஏ ஓட்டை இல்லை. அதனால் மேலே மதர்போர்டில் இருக்கும் நீல ஓட்டையில் சொருகியிருப்பீர்கள், 12400-ல் உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால் படமும் வந்திருக்கும். இப்போது ஒரு திரையைக் கார்டும் இன்னொரு திரையைப் பிராசசரும் நடத்துகின்றன. ஒன்று வரைந்த படத்தை மற்றதன் திரையில் காட்டவேண்டி வந்தால் நடுவில் தூக்கிக் கொடுக்கும் வேலை ஒன்று கூடுகிறது, சில பிசிக்களில் திக்கல் அங்கேதான் பிறக்கிறது. (நேர்மையாகச் சொல்லணும் என்றால், சிலருக்கு இதே ஏற்பாடு கார்டின் சுமையைக் குறைத்து நன்மையும் செய்யும். அதனால்தான் மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.) எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ ஆக்கும் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை வாங்கி ரெண்டு மானிட்டரையும் கார்டிலேயே மாட்டுங்கள். கேம் மானிட்டருக்கு டிஸ்ப்ளே போர்ட், பழசுக்கு எச்டிஎம்ஐ.

அடுத்தது வேகப் பொருத்தம். ஒன்று 144 ஹெர்ட்ஸ், பழசு பெரும்பாலும் 60. அதாவது ஒன்றில் 6.9 மில்லி செகண்டுக்கு ஒரு படம், மற்றதில் 16.7-க்கு ஒன்று. காங்கேயம் காளையையும் வயசான எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டின கதை. முன்பெல்லாம் விண்டோஸ் 10-ல் இது பெரிய தலைவலி, 60 ஹெர்ட்ஸ் திரையில் ஏதாவது அசைந்தாலே 144-ம் சேர்ந்து தள்ளாடும். 2020 மே மாதம் வந்த 2004 என்ற பதிப்பில்தான் மைக்ரோசாப்ட் இதைப் பெருமளவு சரிசெய்தது. உங்கள் பிசியில் கடைக்காரர் பழைய காப்பி எதையாவது போட்டுக் கொடுத்திருக்கிறாரா என்று, ஸ்டார்ட் மெனுவில் 'வின்வெர்' (winver) என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். எப்படியும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, 12400 பிராசசர் 11-ஐத் தாங்கும், மாறிவிடுங்கள். மாறிய பிறகும் லேசாகத் திக்கினால் 144-ஐ 120 ஆக்கிப் பாருங்கள். 144-ஐ அறுபதால் வகுத்தால் 2.4, 120-ஐ வகுத்தால் சரியாக 2. இந்த ரெட்டைக் கணக்கு சில பிசிக்களில் வேலை செய்கிறது. 144-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள், என்னிடம் வேண்டாம்.

இனி அந்த கிரிக்கெட் மேட்ச். கேபிளைத் திரும்ப மாட்டி, ரெண்டாவது திரையில் ஒன்றுமே திறக்காமல் விளையாடுங்கள். அப்போது சரியாக இருந்து, பிரௌசரில் மேட்ச் போட்டதும் திக்குகிறது என்றால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியாயிற்று. பிரௌசரும் வீடியோவுக்குக் கார்டைத்தான் கூப்பிடும். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துவிட்டு, குரோமை மூடித் திறங்கள். வீடியோ வேலை பிராசசருக்குப் போய்விடும், ஆறு கோர் இருக்கிறது, தாங்கும். கேமும் 'விண்டோட் ஃபுல்ஸ்கிரீன்' இல்லாமல் முழு ஃபுல்ஸ்கிரீனில் இருக்கட்டும். மேட்ச் பக்கம் தாவும்போது ஒரு நொடி திரை கறுக்கும், பரவாயில்லை. ஜி-சிங்க் (கார்டின் வேகத்துக்கு மானிட்டரை ஒத்துப்போக வைக்கும் வசதி) போட்டிருந்தால் அதையும் ஃபுல்ஸ்கிரீனுக்கு மட்டும் என்று வையுங்கள்.

நானும் இதில் அடிபட்டவன். ரெண்டு வருசம் முன்பு பீளமேட்டில் இருந்தபோது இதே மாதிரி திக்கல், இதே மாதிரி ஒரு கடைப் பேச்சு, புதுக் கார்டே வாங்கிவிட்டேன். மாட்டின அன்றைக்கு ராத்திரியும் திக்கியது. கடைசியில் பார்த்தால் ரெண்டாவது திரையில் என் பையன் போட்டுவைத்த ஓடும் வால்பேப்பர், மழை பெய்கிற மாதிரி. அதை எடுத்ததும் நின்றுவிட்டது. பழைய கார்டை அந்தக் கடையிலேயே அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருந்தேன், போய்க் கேட்க மனசு வரவில்லை.

இத்தனையும் செய்து தீரவில்லை என்றால், அந்த 16 ஜிபி ரேம் ஒரே குச்சியா ரெண்டு எட்டா என்று பாருங்கள். ஒற்றைக் குச்சி என்றால் ஒரே சேனலில், அதாவது ஒற்றை வழியில்தான் ஓடும், வேலரன்ட் மாதிரி பிராசசரை நம்பி ஓடும் கேமில் இது நன்றாகத் தெரியும். அதே மாடலில் இன்னொரு குச்சி போடுவதற்கு அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், நிலையாக இல்லை. காசு போடுவதாக இருந்தால் கார்டுக்கு முன்னால் இதற்குப் போடுங்கள்.

கேள்வி: ஈரோட்டில் ஒரு கடையில் 165 ஹெர்ட்ஸ் என்று சொல்லி மானிட்டர் கொடுத்தார்கள். வீட்டில் பார்த்தால் 60 என்று காட்டுகிறது. "பெட்டி பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இன்னும் தெரியாது. விண்டோஸ் பல நேரம் புது மானிட்டரை 60-லேயே விட்டுவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட்டைத் தொட்டுப் பாருங்கள், 165 அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ-யை எடுத்துவிட்டு டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் மாட்டுங்கள், சின்ன விலை மானிட்டர்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ பக்கம் முழு வேகம் வராது.

அப்படியும் வரவில்லை, அல்லது பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் வேறு என்றால் பெட்டி பிரித்ததெல்லாம் ஒரு காரணமே இல்லை. பிரிக்காமல் எப்படிங்க பார்ப்பது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் ஒரு கெடு போட்டிருந்தால் அதற்குள், ஒன்றும் போடாவிட்டால் 30 நாளுக்குள் போய்விடுங்கள். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே கணக்கில்தான் வரும், அதனால் "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்ற பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். முதலில் மாடல் நம்பரோடு எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: பள்ளிபாளையம். ஒரே மானிட்டர்தான். முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் திக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்குக் கீழேயே தறி இருக்கிறது.

பதில்: கடைசி வரியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். பிசியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பிராசசர் ஃபேனுக்குக் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளின் நடுவே பஞ்சு, தலையணை மாதிரி அடைத்திருக்கும், விரலால் எடுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். காற்று போக வழியில்லாமல் சூடு ஏறி, இன்டெல் பிராசசர் என்றால் 100 டிகிரியை ஒட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், உங்கள் அரைமணி நேரக் கணக்கு அதுதான். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் மிச்சத்தைத் தட்டுங்கள். தறி வீடு என்றால் மாதம் ஒருமுறை இந்த வேலை உண்டு. பிசியைத் தரையில் வைத்திருந்தால் மேசைக்கு மேலே ஏற்றுங்கள், பஞ்சு கீழேதான் அதிகம் படியும்.