மெஷின் சொன்னால் முடிந்ததா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அமெரிக்காவில் குடியேற்ற அதிகாரிகள் தெருவில் நிற்பவரின் முகத்தை போனில் படம் எடுத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறார்களாமே? விசா, கிரீன் கார்டு எல்லாம் ஒழுங்காக வைத்திருப்பவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: ஒழுங்காக இருக்கிறது என்று முடிவு செய்வது யார்? சிக்கலே அங்கேதான். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் அமைப்பான ஐசிஇ-யின் அதிகாரிகள் வைத்திருக்கும் அந்தச் செயலியின் பெயர் மொபைல் ஃபோர்ட்டிஃபை. 2025-ல்தான் விஷயம் வெளியே வந்தது. முகத்துக்கு நேரே போனைப் பிடித்தால், அரசிடம் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் கோடிக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டு விவரத்தைக் காட்டிவிடும். வேண்டாம் என்று மறுக்க வழியில்லை. எடுத்த படம் 15 வருஷம் அங்கேயே இருக்கும், நீங்கள் அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும்.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறொன்று. செயலி ஒருவரை வெளிநாட்டவர் என்று காட்டினால் அதுவே முடிவு, அவர் பிறப்புச் சான்றிதழை நீட்டினாலும் அதிகாரி அதை ஒதுக்கிவிடலாம் என்று ஐசிஇ தரப்பில் தங்களிடம் சொன்னார்கள் என்கிறார், அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பென்னி தாம்சன். இத்தனைக்கும் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019-லேயே சோதித்துப் பார்த்து, பல மென்பொருள்கள் ஆசியர்களையும் கறுப்பினத்தவரையும் வேறு யாரோ என்று தவறாகப் பொருத்துவது வெள்ளையர்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகம் என்று சொல்லியிருக்கிறது. நம் முகமும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை என்ன செய்வது?

கேள்வி: தடுக்கச் சட்டமே இல்லையா?

பதில்: இருக்கிறது, ஆனால் ஓட்டையோடு. இல்லினாய் மாநிலத்தின் 2008 சட்டம் கைரேகை, முகப்பதிவு எடுக்க எழுத்துபூர்வமான சம்மதம் கேட்கிறது. ரொம்பக் கறாரான சட்டம்தான், ஆனால் அது கட்டுப்படுத்துவது தனியார் நிறுவனங்களை மட்டும்! சான் பிரான்சிஸ்கோ 2019-ல் போட்ட தடையும் அந்த நகரத்துத் துறைகளோடு நின்றுவிட்டது, மத்திய அரசின் அதிகாரியை அது ஒன்றும் செய்யாது. மேரிலாந்து மாநிலம் 2021-ல் எடுத்த வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. குடியேற்ற நடவடிக்கைக்காக ஓட்டுநர் உரிமப் படங்களைத் துழாவ வேண்டுமா, முதலில் வாரண்டோடு வா என்றது. வாரண்ட், பிடிபட்டவர் தரும் ஆவணத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம், தவறாகப் பிடித்தால் வழக்குப் போடும் உரிமை, இந்த மூன்றும் மத்தியச் சட்டத்திலேயே வர வேண்டும். முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பத்தை மத்திய அரசு பயன்படுத்துவதையே நிறுத்திவைக்கச் சொல்லி செனட்டர் எட் மார்க்கி 2020-லிருந்து திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்து பார்த்தார், நிறைவேறவில்லை.

கேள்வி: விமான நிலையத்திலாவது படம் வேண்டாம் என்று சொல்லலாமா?

பதில்: அமெரிக்கக் குடிமக்கள் சொல்லலாம். மற்றவர்களுக்கு, கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்பட, 2025 டிசம்பர் 26 முதல் நாட்டுக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் படம் எடுக்கலாம் என்று விதி வந்துவிட்டது. அந்தப் படத்தை 75 வருஷம் வரை வைத்திருப்பார்களாம். அதற்குள் நமக்கே நம் முகம் அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.