யார் பொதுச்செயலாளர்? – கடிதம்

வணக்கம்.

1889 லண்டன் துறைமுக வேலைநிறுத்தம் பற்றிய உங்கள் கட்டுரையில், '1922இல் 14 சங்கங்கள் சேர்ந்து ஒன்றாயின' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் துறையில் இரண்டு சங்கங்கள். இணைப்புப் பேச்சு வருஷக்கணக்கில் நடக்கிறது. கோரிக்கைகளில் வேறுபாடே கிடையாது. ஆனால் யார் பொதுச்செயலாளர் என்ற இடம் வந்ததும் பேச்சு முறிந்துவிடும். அந்த 14 சங்கத் தலைவர்களும் எப்படி விட்டுக்கொடுத்தார்கள்? பெரிய மனசா, வேறு காரணமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெரிய மனசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் பென் டில்லெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 6 பென்ஸ் கூலிக்காக 1889இல் துறைமுகத்தையே நிறுத்தியவர்களில் ஒருவர். 1922இல் அந்த 14 சங்கங்கள் இணைந்து உருவான போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பதவி தனக்குத்தான் என்று இருந்தார். அவர் சங்கத்திலேயே அவருக்குக் கீழே வளர்ந்த எர்னஸ்ட் பெவின்தான் அது நடக்காமல் பார்த்துக்கொண்டார். தேம்ஸ் சரக்குப் படகோட்டிகள் சங்கத்தின் ஹாரி காஸ்லிங் தலைவர், பெவின் பொதுச்செயலாளர். டில்லெட்டுக்கு சர்வதேச, அரசியல் விவகாரங்களுக்கான செயலாளர் என்று ஒரு நாற்காலி. சேர வந்த சங்கங்களின் முழுநேர ஊழியர்கள் யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பதும் உடன்பாட்டில் இருந்தது. செலவு பிடிக்கிற ஏற்பாடுதான். ஆனால் பாதி எதிர்ப்பு அதிலேயே அடங்கியது.

பெவினை மற்றவர்கள் ஏற்றதற்குப் பின்னால் 1920 விசாரணை இருக்கிறது. துறைமுகத் தொழிலாளர் கூலி பற்றி ஷா பிரபு தலைமையிலான விசாரணை நீதிமன்றம் விசாரித்தபோது, இவ்வளவு உணவு ஒரு குடும்பத்துக்குப் போதும் என்று முதலாளிகள் தரப்பு பேராசிரியர் பௌலியின் கணக்கைக் காட்டியது. பெவின் கடைக்குப் போய் அந்தக் கணக்குப்படியே வாங்கிச் சமைத்து, ஐந்து தட்டுகளில் பங்கிட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். நாள் முழுக்க மூட்டை சுமக்கிறவனுக்கு இந்தத் தட்டு காணுமா என்று கேட்டார். நாளுக்கு 16 ஷில்லிங் என்று பரிந்துரை வந்தது. அதன் பிறகு துறைமுகங்களில் அவர் சொல்லுக்கு மரியாதை வேறு.

இன்னொரு காரணம் பயம். 1910 முதலே போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்று இருந்தது. ஆனால் சங்கத்துக்குச் சங்கம் தனிக் கஜானா, தனி முடிவு. 1921 ஏப்ரல் 15 அன்று, கதவடைப்பில் தவித்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக வேலையை நிறுத்துவதாகச் சொல்லியிருந்த ரயில், போக்குவரத்துச் சங்கங்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கின. 'கறுப்பு வெள்ளி' என்கிறார்கள். ஏற்கெனவே வேலை குறைந்து, கூலி வெட்டு வாசலில் நின்ற நேரம். தனித்தனியாக நின்றால் ஒவ்வொருவராகத் தீர்த்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

சட்டமும் சற்று வழிவிட்டது. 1876 சட்டப்படி மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்காமல் இணைய முடியாது. நடக்கிற காரியமா? 1917இல்தான், பாதிப் பேர் வாக்களித்து, ஆதரவு எதிர்ப்பைவிட 20% கூடுதலாக இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள்.

ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது பதவிப் பங்கீட்டை அல்ல, பெவின் எழுதிய சட்டவிதிகளை. துறைமுகம், படகுத்துறை, பயணிகள் வண்டி, சரக்கு வண்டி, எழுத்தர்கள், பொதுத் தொழிலாளர் என்று தொழில்வாரிக் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலாளர், தனிக் கமிட்டி. தன் தொழில் பேச்சுவார்த்தையை அந்தக் குழுவே பார்த்துக்கொள்ளும். பணமும் வேலைநிறுத்த அனுமதியும் மட்டும் மேலே, செயற்குழுவிடம். பழைய சங்கத்தின் பெயர் போனது. டிராம் ஓட்டுநரின் கூலியை டிராம்காரர்களே பேசும் உரிமை போகவில்லை. 1922 ஜனவரி 1 அன்று ஏறத்தாழ 3 லட்சம் பேருடன் தொடங்கிய போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், 1930களின் பிற்பகுதியில் பிரிட்டனிலேயே பெரியது.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். 1923இல் நாளுக்கு ஒரு ஷில்லிங் கூலிக் குறைப்பைத் தலைமை ஏற்றதும் லண்டனில் அனுமதியின்றி வேலைநிறுத்தம் வெடித்தது. இணைப்புக்கு வராமல் வெளியே நின்ற ஸ்டீவடோர்கள் (கப்பலில் சரக்கு அடுக்குபவர்கள்) சங்கத்துடன் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் காஸ்லிங்கின் படகோட்டிகளும் உண்டு! உறுப்பினர் அட்டையின் நிறத்தால் பெவினுடையது வெள்ளைச் சங்கம், ஸ்டீவடோர்களுடையது நீலச் சங்கம். 1954இல் ஹல் துறைமுகத்தில், கப்பலில் குவிந்த தானியத்தைக் கையால் அள்ளும் பழைய முறையை எதிர்த்து வேலையை நிறுத்தியவர்கள் கூட்டமாக நீல அட்டைக்கு மாறினார்கள். அவர்கள் வெளியேறியது கூலிக்காக மட்டுமல்ல, எங்கோ மேலே உட்கார்ந்திருப்பவர் தங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்பதால். கஜானாவை மையத்தில் வைத்ததற்கு பெவினின் சங்கம் கொடுத்த விலை இது. என் கணக்கில், கொடுக்கத் தகுந்த விலைதான்.

எனவே அடுத்த முறை உட்காரும்போது பதவியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எந்தப் பேச்சுவார்த்தைக்கு யார் போவது, வேலைநிறுத்த நிதி யார் கையில் என்பதை முதலில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் சிக்கல் தீராவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. 2007 மே மாதம் இதே சங்கம் அமிகஸ் என்ற சங்கத்துடன் சேர்ந்து 'யுனைட்' ஆனபோது, இரண்டு பொதுச்செயலாளர்களையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒரே ஆள் பொறுப்பேற்க 2011 ஆனது. இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.